மேல் அடுக்கு எலிகளின் கண்கள்

பணி ஓய்வு பெற்றவளைச் சும்மா இருக்க விடுவதில்லை என்று என் பழைய அலுவலகத்துப் பிள்ளைகள் முடிவு கட்டியிருக்கிறார்கள். போன மாதம் அங்கே நோய்க்குறியியல் பிரிவில் வேலை செய்கிற பெண் ஒருத்தி கூப்பிட்டாள். எலிகளை வைத்து மருந்தைச் சோதிக்கிற காலம் முடியப்போகிறதாம். இனி கம்ப்யூட்டரும் கண்ணாடித் தட்டில் வளர்க்கிற செல்களும் பார்த்துக்கொள்ளுமாம். எனக்கு வருத்தமாக இல்லையா என்று விசாரித்தாள். எனக்கு எதற்கு வருத்தம்? வேலைக்காலம் முழுக்க எலியின் ஈரலையும் சிறுநீரகத்தையும் சீவிப் பார்த்தவள் நான். ஒரு எலி குறைந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான், தாராளமாக நிறுத்தட்டும் என்றேன். "ஆனா அந்தக் கம்ப்யூட்டர் தப்பா சொல்லும்போது, யாரு ஸ்டூல் போட்டு ஏறிப் பாக்கப்போறது?" என்று கேட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன ஸ்டூல், எந்த ஸ்டூல் என்று குடைந்தாள். போனில் சொன்னால் பாதியைச் சொல்லிப் பாதியை விட்டுவிடுவேன், எழுதியே தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நான் நைனார்பாளையத்துக்காரி. அப்பாவுக்கு மக்காச்சோளம், பருத்தி. நான் கால்நடை மருத்துவம் படித்து முடித்தபோது, ஊரில் மாடு வைத்திருந்தவர்கள் எல்லாம் இனி டாக்டரைத் தேடி அலைய வேண்டாம் என்று நிம்மதியாக இருந்தார்கள். அவர்களை ஏமாற்றிவிட்டு மேற்படிப்புக்குப் போனேன். செத்த விலங்கின் உறுப்பை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, அது எதனால் கெட்டது என்று கண்டுபிடிக்கிற படிப்பு. பிறகு வெளியூரில் கொஞ்ச காலம் பயிற்சி. அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கழுத்து வலித்தது, கண் எரிந்தது, கற்றுக்கொண்டேன்.

வேலை கிடைத்தது எங்கள் பக்கத்திலேயே. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு தனியார் பரிசோதனைக் கூடம் கட்டியிருந்தார்கள். மொட்டைமாடிக்குப் போனால் கல்வராயன் மலை முழுசாகத் தெரியும். சத்தம் இருந்தால் எலி மிரளும், மிரண்ட எலியின் உடம்பு பொய் சொல்லும். அதனால்தான் பட்டணத்தை விட்டு இவ்வளவு தூரம் வந்திருந்தார்கள். புது மருந்து ஒன்றை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்ப்பதற்கு முன்பு, அது உடம்பில் எந்த இடத்தைக் கெடுக்கும், எவ்வளவு கொடுத்தால் கெடுக்கும் என்று கண்டுபிடித்துச் சொல்வது எங்கள் வேலை. நோய் குணமாகுமா என்பதை வேறு ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஊருக்கு இந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. 'எலி கம்பெனி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். டவுன் பஸ் கண்டக்டர் விசிலை ஊதிவிட்டு, எலி கம்பெனி எல்லாம் இறங்கு என்பார். பஸ் மொத்தமும் திரும்பி என்னைப் பார்க்கும். பக்கத்துக் கழனிக்காரர் ஒருவர் ஒருநாள் என்னை வழிமறித்தார். "எங்க கழனில எலி பூந்துகினு அத்தனையும் அறுத்துகினு போவுது. நீங்க இன்னாடான்னா ஏசி போட்டு வளக்கறீங்க. எங்க எலிங்களயும் புடிச்சிகினு போனா இன்னாங்க?" என்று கேட்டார். உங்கள் எலிக்கு அப்பா யார், தாத்தா யார் என்று தெரியாதே என்றேன். எங்கள் எலிகளுக்கு வம்சாவளியே இருக்கிறது என்றதும், மனுஷனுக்கே இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டு போனார்.

எங்கள் இயக்குநர் டாக்டர் அருணகிரி, கடலூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லியான மனிதர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்தியிருந்தால் எங்களுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு முடிவை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குள் போனால் முழுக்கக் கேட்டுக்கொள்வார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "வேற என்னவா இருக்கலாம்?" என்பார். ஒரு பதிலைச் சொன்னால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அதே கேள்வியை மறுபடி கேட்பார். நம்மிடம் பதில் தீர்ந்துபோன பிறகுதான் கண்ணாடி மூக்குக்குத் திரும்பும். அறிக்கையில் கையெழுத்துப் போடும்போது எழுந்து நிற்பார். ஏன் என்று கேட்டதற்கு, உட்கார்ந்து போட்டால் சுகமாக இருக்கிறது, சுகமாக இருந்தால் படிக்காமல் போட்டுவிடுவேன் என்றார். பாராட்டு என்கிற சரக்கே அவரிடம் கிடையாது. அவரைக் கண்டால் எனக்குப் பயம். அவர் விடுப்பில் போனால் எனக்கு வேலையும் ஓடாது.

அவர் ஆடிப்போய் நான் பார்த்தது ஒரே ஒருமுறை, கூண்டு மாறியபோது. எலிக் கூண்டுகளை இரும்பு அடுக்குகளில் வரிசையாக வைத்திருப்போம். அப்போதெல்லாம் வாரத்துக்கு ஒருமுறை மேலே இருக்கிற கூண்டைக் கீழேயும், கீழே இருப்பதை மேலேயும் மாற்றி வைப்பது வழக்கம். அப்படி மாற்றும்போது இரண்டு கூண்டுகள் குழம்பிவிட்டன. மருந்து சாப்பிட வேண்டிய எலிகள் சாப்பிடவில்லை, சாப்பிடக் கூடாதவை சாப்பிட்டன. அது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த ஆய்வு மொத்தமும் குப்பைக்குப் போயிற்று. டாக்டர் யாரையும் திட்டவில்லை. இத்தனை உயிரும் எதற்குச் செத்தன என்று மட்டும் கேட்டார். மறுநாளே உத்தரவு வந்தது. ஓர் ஆய்வு தொடங்கி முடிகிறவரை எந்தக் கூண்டும் தன் இடத்தை விட்டு நகரக் கூடாது, கழுவ எடுத்தாலும் அதே இடத்துக்குத் திரும்ப வர வேண்டும். இரும்பு அடுக்கிலேயே பெயிண்டில் எண் போட்டுவிட்டார்கள். எங்கள் எல்லோருக்கும் அது மிக நல்ல ஏற்பாடாகப் பட்டது.

விலங்கு அறைக்குப் பொறுப்பு ஏழுமலை, கச்சிராயபாளையத்துக்காரர். இந்த உத்தரவைச் சாமி வாக்காக எடுத்துக்கொண்டார். புதிதாகத் திறந்த ஓர் அறையில் அவர் அடுக்கி வைத்திருந்த அழகைப் பார்த்தால் யாருக்கும் கை கூப்பத் தோன்றும். மருந்தே கொடுக்காத எலிகள் கீழ்த்தட்டில். அவற்றோடு ஒப்பிட்டுத்தான் மற்றவற்றைப் பார்ப்போம். அதற்கு மேல்தட்டில் குறைந்த அளவு மருந்து, அதற்கும் மேலே நடுத்தர அளவு, உச்சியில் அதிக அளவு. தினமும் கீழேயிருந்து தொடங்கி மேலே போவார். கையில் ஒரு துளி மருந்து ஒட்டியிருந்தாலும் மருந்தில்லாத எலிக்குப் போய்விடாது. கண்ணை மூடிக்கொண்டுகூட என்னால் மருந்து கொடுக்க முடியும் என்று பெருமை அடித்துக்கொள்வார். அந்தப் பெருமைக்கு அவர் தகுதியானவர்தான்.

அந்தப் புது அறைக்குத்தான் வலிப்பு மருந்து வந்தது. சின்னக் குழந்தைகளுக்கு வருகிற ஒருவகை வலிப்பு, வேறு எந்த மாத்திரைக்கும் கட்டுப்படாதது. கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் நானே பார்த்திருக்கிறேன். பிள்ளை வெட்டி வெட்டி இழுக்கும். சுற்றி நிற்பவர்கள் அதன் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். அம்மாக்காரி எதுவும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருப்பாள். இதற்கு ஏற்கெனவே ஒரு மருந்து இருந்தது. அது வலிப்பை நிறுத்தும், ஆனால் சில குழந்தைகளுக்குப் பார்வையைத் தின்றுவிடும். கண்ணைக் கெடுக்காத மருந்து வேண்டும் என்று ஜெயசீலன் என்கிற வேதியியலாளர் தன் நிறுவனத்தில் வருடக்கணக்காக உழைத்து ஒன்றைச் செய்திருந்தார். எங்களிடம் வந்தபோது அதற்குப் பெயர்கூடக் கிடையாது, எண் மட்டும்தான். எலியில் தேறினால் மனிதர்களிடம் போகலாம். தேறாவிட்டால் அதோடு சரி.

பல மாதம் மருந்து கொடுத்து முடித்தோம். ஈரல் சுத்தம், சிறுநீரகம் சுத்தம், மூளை சுத்தம். கண்ணை நான் கடைசிக்கு வைத்திருந்தேன். எலியின் கண் மிளகைவிடச் சற்றுப் பெரிது. மற்ற உறுப்புகளைப் போடுகிற திரவத்தில் அதைப் போட்டால் உள்ளே இருக்கிற விழித்திரை உரிந்து சுருண்டுவிடும். அதற்கென்று தனித் திரவத்தில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, நட்டநடுவாகச் சீவி எடுக்க வேண்டும். ஆரோக்கியமான விழித்திரையில் ஒளியை வாங்குகிற செல்கள் கடுகை அடுக்கி வைத்ததுபோலப் பல வரிசை இருக்கும். மருந்தில்லாத எலிகளில் கடுகு அப்படியே இருந்தது. குறைந்த அளவிலும் அப்படியே. நடுத்தர அளவில் சிலவற்றில் வரிசை கொஞ்சம் மெலிந்திருந்தது. அதிக அளவு எலிகளை எடுத்தேன். கடுகைக் காணோம். ஒற்றை வரிசைகூட முழுசாக இல்லை.

செய்தி கேட்டு ஜெயசீலன் மறுநாளே வந்துவிட்டார். அழவோ கெஞ்சவோ இல்லை. கண்ணைக் காட்டுங்கள் என்றார். மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினேன். முதலில் நல்ல கண்ணை, பிறகு கெட்ட கண்ணை. ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது, அந்தப் பழைய மருந்து செய்த அதே வேலையை என் மருந்தும் செய்திருக்கிறது, முடித்துவிடலாம் மேடம் என்றார். அவருடைய உழைப்பு மொத்தமும் போன அந்த நிமிஷத்தில்கூட, எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவர் மேல் அல்ல, அந்த மருந்தின் மேல்தான் கோபம் கோபமாக வந்தது.

மருந்தால் விழித்திரை அழிந்தது என்று அறிக்கை எழுதி டாக்டரிடம் கொண்டுபோனேன். படித்தார். கண்ணாடி மேஜைக்கு வந்தது. வேறு என்னவாக இருக்கலாம் என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. மருந்து இல்லாவிட்டால் கெடுதல் இல்லை, மருந்து கூடக்கூடக் கெடுதல் கூடுகிறது, எங்கள் தொழிலில் முதல் பாடமே இதுதான், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கொஞ்சம் சூடாகவே கேட்டுவிட்டேன். அவர் சூடாகவில்லை. அதிக அளவில் எல்லா எலிக்குமா கண் போயிருக்கிறது என்றார். சிலது தப்பித்திருக்கிறது, சில எலிக்கு உடம்பு வலு ஜாஸ்தி என்றேன். "வலு இருக்கறதுங்க எதெதுன்னு பாத்துட்டு வாங்க" என்று அறிக்கையை என்னிடமே தள்ளினார்.

முணுமுணுத்துக்கொண்டேதான் திரும்பினேன். சீவல்களை நான் கலந்து கலந்துதான் பார்த்திருந்தேன். வரிசையாகப் பார்த்தால் மனம் பழகிப்போய் ஏமாந்துவிடும் என்பதால் அப்படித்தான் செய்வோம். இப்போது மேல்தட்டு எலிகளை மட்டும் கூண்டு இருந்த வரிசையில் மேஜையில் பரப்பினேன். தப்பித்த எலிகள் எல்லாம் ஒரே கோடியில், பக்கத்துப் பக்கத்துக் கூண்டில். நடுவில் ஒன்றுகூட இல்லை. அவற்றின் ரத்தத்தில் மருந்து மற்ற எலிகளுக்கு இருந்த அதே அளவுதான் இருந்தது. உடம்பு வலு இப்படி க்யூவில் நிற்காது. அந்த மூலையில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

என்னைப் போன்ற மைக்ராஸ்கோப்புக்காரர்கள் எலி அறைக்குள் போவதே அபூர்வம். உள்ளே போக வேண்டுமானால் குளிக்க வேண்டும், அவர்கள் தருகிற துணியைத்தான் உடுத்த வேண்டும், தொப்பி, முகமூடி எல்லாம் மாட்ட வேண்டும். அன்று குளித்துவிட்டுப் போனேன். புது அறை பளபளவென்று இருந்தது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் பெரிய ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று புகழ்ந்த அறை. தரையில் நின்று பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. மேல்தட்டு என் தலைக்கு மேலே இருந்தது. ஏழுமலையிடம் ஒரு ஸ்டூல் கேட்டேன். அவருக்குத் திகைப்பு. நான் குண்டு, ஸ்டூல் ஒல்லி. அவர் பிடித்துக்கொள்ள, ஏறி, முகத்தை மேல்தட்டுக் கூண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், எலி பார்ப்பதுபோல் மேலே பார்த்தேன்.

கண் கூசிற்று. உச்சியிலேயே விளக்கு. இரண்டு நிமிஷம்கூட நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அந்த எலிகள் அதற்கடியில் பல மாதம் இருந்திருக்கின்றன. கீழே இறங்கி, ஸ்டூலை நகர்த்தி, மறுபடி ஏறினேன். அங்கேயும் அதே வெளிச்சம். அப்படியே நகர்ந்து நகர்ந்து கோடிக்குப் போனேன். அங்கே ஏறியதும் கண்ணுக்குச் சுகமாக இருந்தது. ஏசி காற்று வருகிற பெரிய தகரக் குழாய் ஒன்று விளக்குக்குக் குறுக்கே போய், அந்த மூலையில் மட்டும் நிழல் போட்டிருந்தது. நல்ல கண் இருந்த எலிகளெல்லாம் நிழலில் இருந்த எலிகள். மருந்து கூடக்கூடத் தட்டும் உயர்ந்திருந்தது, தட்டு உயர உயர வெளிச்சமும் கூடியிருந்தது. கத்தியிருப்பேன். எலிகள் மிரளும் என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

எங்கள் எலிகள் வெள்ளெலிகள். கண்ணில் நிறமே கிடையாது, சிவப்பாக இருக்கும். நம் கண்ணில் இருக்கிற கறுப்பு வெளிச்சத்தை மட்டுப்படுத்துகிறது; அவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எங்கள் பாடப்புத்தகத்திலேயே ஒரு மூலையில் இது இருக்கிறது. வெள்ளெலியை விளக்கடியில் வெகுநாள் வைத்தால் கண் கெடும், ஆகவே கூண்டுகளை இடம் மாற்றிக்கொண்டே இரு என்று. அந்த 'ஆகவே'யைத்தான் நாங்கள் நிறுத்தியிருந்தோம். இதற்கு முன்பு செய்ததெல்லாம் பழைய அறையில், மங்கலான விளக்கில், சின்னச் சின்ன ஆய்வுகள். அதனால் தப்பித்திருந்தோம்.

ஏழுமலைக்கு விஷயம் புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. "நான் இன்னா மேடம் தப்பு பண்ணேன்? எடம் மாறக் கூடாதுன்னு பெரியவரு சொன்னாரு. ஒரு நாளு கூட நான் மாத்தினதில்லீங்க" என்றார். நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை, அதுதான் விஷயமே என்றேன். அவருக்கு அது ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை.

டாக்டரிடம் போய், உங்கள் உத்தரவுதான் எலியைக் குருடாக்கியது என்று எப்படிச் சொல்வது? மருந்தைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷத்தில் படபடவென்று கொட்டிவிட்டேன். அவர் எழுந்து போனார். குளித்து, துணி மாற்றி, அந்த வயதில் அதே ஸ்டூலில் ஏறி இறங்கியதாக ஏழுமலை பிறகு சொன்னார். ஈரத் தலையோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"என் உத்தரவுதான். ஒத்துக்கறேன்" என்றார். "ஆனா மருந்தும் வெளிச்சமும் சேந்து கெடுத்திருந்தா? வெளிச்சம் மட்டும் கொஞ்சமா கெடுத்து, மருந்து அத பெருசாக்கியிருந்தா? வெளிச்சமே இல்லாத ஊர்லயாம்மா கொழந்தைங்க இந்த மருந்த சாப்பிடப் போகுது?"

நிழலைக் கண்டுபிடித்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். மருந்து குற்றவாளி இல்லை என்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை. அதற்குக் கூட்டாளி ஒன்று இருப்பதாகத்தான் நான் காட்டியிருந்தேன். அந்த மனிதரைக் கட்டிக்கொண்டு அழலாமா, சண்டை போடலாமா என்று இருந்தது.

மறுபடி முதலிலிருந்து. செலவு எங்களுடையது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜெயசீலனுக்குப் போன் செய்தோம், செய்யுங்கள் என்றார். இந்த முறை எலிகளை நாலு கூட்டமாகப் பிரித்தோம். விளக்கடியில் மருந்தோடு ஒன்று, விளக்கடியில் மருந்தில்லாமல் ஒன்று. கீழ்த்தட்டில் மருந்தோடு ஒன்று, கீழ்த்தட்டில் மருந்தில்லாமல் ஒன்று. மருந்து அதே அதிக அளவு. மருந்து கெட்டது என்றால் கீழே இருந்தும் கண் கெடும். வெளிச்சத்தோடு சேர்ந்து கெடுக்கும் என்றால், விளக்கடியில் மருந்து சாப்பிட்டவற்றின் கண், சாப்பிடாதவற்றைவிட மோசமாக இருக்கும். இரண்டில் எது நடந்தாலும் மருந்து செத்தது. நான் ஆசைப்பட்டு நல்லதாகப் பார்த்துவிடக் கூடாது என்று டாக்டர் இன்னொரு கட்டும் போட்டார். ஒவ்வொரு சீவலின் கண்ணாடியிலும் கூட்டத்தைக் காட்டுகிற வண்ணப் பொட்டு வைத்து, அதன் மேல் ஒரு காகித ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்கள். எந்தக் கண் எந்தக் கூட்டம் என்று எனக்குத் தெரியாது.

அந்த மாதங்களில் கரும்பு வெட்டினார்கள், கோமுகி அணை திறந்தார்கள், தெருவெல்லாம் டிராக்டர் ஓடியது. நான் எதையும் கவனிக்கவில்லை. வீட்டில் சாம்பாரில் உப்பைப் போட்டோமா என்று தெரியாமல் இரண்டு தடவை போட்டேன். எலிகளின் நாள் முடிந்து, கண்கள் திரவத்தில் ஊறி, மெழுகாகி, சீவலாகி என் மேஜைக்கு வந்தன. மூன்று தட்டு வைத்துக்கொண்டேன். கடுகு வரிசை முழுசாக இருப்பவை ஒன்றில், மெலிந்தவை ஒன்றில், அழிந்தவை ஒன்றில். ஒவ்வொரு கண்ணிலும் ஒரே இடத்தில் வைத்துத்தான் அளந்தேன். சந்தேகம் வந்தால் எழுந்து போய், மலையைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன்.

தட்டுகளைத் தூக்கிக்கொண்டு கூட்ட அறைக்குப் போனேன். ஜெயசீலன் வந்திருந்தார். ஏழுமலையும் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவரும் ஓரமாக நின்றார். ஸ்டிக்கரை டாக்டரே உரித்தார். விளக்கடியில் மருந்து சாப்பிட்டவை சிவப்பு, சாப்பிடாதவை மஞ்சள். கீழே மருந்து சாப்பிட்டவை பச்சை, சாப்பிடாதவை நீலம்.

முதலில் முழுசான கண்கள். நீலம். பச்சை. பச்சை. நீலம். பச்சை. தட்டு காலியாகிறவரை பச்சையும் நீலமும்தான். கீழ்த்தட்டில் மருந்து சாப்பிட்ட எலிகள் அத்தனைக்கும் கண் முழுசாக இருந்தது. ஜெயசீலன் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். மெலிந்த தட்டில் சிவப்பும் மஞ்சளும் கலந்து வந்தன. பிறகு அழிந்த கண்களின் தட்டு. சிவப்பு. அடுத்ததும் சிவப்பு. அதற்கடுத்ததும் சிவப்பு, அதற்கும் அடுத்தது சிவப்பு. அப்படியானால் வெளிச்சம் செய்த கெடுதலை மருந்து பெரிதாக்கியிருக்கிறது. ஜெயசீலன் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் நிறுத்தவில்லை, அதே வேகத்தில் உரித்துக்கொண்டிருந்தார். மஞ்சள் வந்தது. மஞ்சள், மஞ்சள், சிவப்பு, மஞ்சள், மஞ்சள். தட்டு முடிந்ததும் அவற்றை இரண்டு வரிசையாக அடுக்கினார். இரண்டு வரிசையும் ஒரே நீளம். மருந்து சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் விளக்கு ஒரே மாதிரிதான் கெடுத்திருக்கிறது. மருந்து எதையும் தொடவில்லை.

ஜெயசீலன் எழுந்து யார் கையையாவது பிடிக்க வேண்டும்போல் தேடி, பக்கத்தில் நின்ற ஏழுமலையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஏழுமலைக்கு அழுகையே வந்துவிட்டது. நான் ஜெயித்தேன், வேறு என்ன சொல்ல? அன்றைக்கு மாதிரி என் வாழ்க்கையில் நான் சந்தோஷப்பட்டதில்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை, அதை என் வீட்டுக்காரரிடமே சொல்லியிருக்கிறேன்.

அறிக்கையில் காரணத்தை எப்படி எழுதுவது என்ற பேச்சு வந்தது. அறை அமைப்பினால் என்று பொதுவாக எழுதிவிடலாமே என்று ஜெயசீலனே, டாக்டர் மேல் வைத்த மரியாதையில் சொன்னார். டாக்டர் தலையை ஆட்டினார். "எலிங்க கண்ணப் போக்கினது மருந்து இல்ல, நான். அப்படியே எழுதுங்க" என்றார். அப்படியே எழுதினேன். கூண்டுகளை நகர்த்தக் கூடாது என்று இயக்குநர் போட்ட உத்தரவே காரணம் என்று, அவர் கையெழுத்துக்கு மேலேயே. இப்படி எழுதினால் யார் நம்மிடம் வேலை கொடுப்பார்கள் என்று அலுவலகத்தில் நடுங்கினார்கள். அரசாங்கத்திலிருந்து வந்த ஆய்வாளர்கள் அந்த வரியைப் படித்தார்கள், ஸ்டூலில் ஏறிப் பார்த்தார்கள், எல்லாச் சீவல்களையும் வேறு ஆளை வைத்துப் பார்த்தார்கள், ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எங்களுக்கு வேலை ஜாஸ்தியானதே தவிரக் கம்மியாகவில்லை. கூண்டுகளும் நகரத் தொடங்கின, இந்த முறை குழம்பாதபடி இரண்டு பேர் சரிபார்த்து.

மருந்து மனிதர்களிடம் போயிற்று. பெரியவர்கள், பிறகு குழந்தைகள். ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணைத்தான் முதலில் பார்த்தார்கள், கண் நன்றாகவே இருந்தது. அதெல்லாம் முடிய வெகு காலம் ஆயிற்று. கடைக்கு வந்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன்.

சில மாதங்களுக்கு முன்பு கள்ளக்குறிச்சியில் ஒரு மருந்துக்கடையில் என் பிரஷர் மாத்திரைக்காக நின்றுகொண்டிருந்தேன். மலையிலிருந்து இறங்கி வந்த ஒருத்தி, ஏழெட்டு வயசுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றாள். கடைக்காரர் ஓர் அட்டையை எடுத்து வைத்தார். ஜெயசீலனின் மருந்து. இப்போது அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அவள் அதைத் தொடவில்லை. "முன்ன குடுத்த மாத்திரைல புள்ளைக்கு வலிப்பு நின்னுச்சிங்க, கண்ணு மங்கிப்போச்சு. அதான் பெரிய டாக்டரு இத மாத்திக் குடுத்தாரு. இது கண்ண இன்னா பண்ணும்?" என்று கேட்டாள். எழுதிக் கொடுத்த டாக்டரைத்தான் கேட்க வேண்டும் என்றார் கடைக்காரர். பின்னால் ஆள் நிற்பதையும் காட்டினார். அவள் நகரவில்லை.

நான் அட்டையை வாங்கிப் பெயரை ஒருமுறை படித்துப் பார்த்தேன். டாக்டர் சொல்கிறபடி கண் பரிசோதனைக்கு மட்டும் தவறாமல் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். அட்டையை அவள் கையில் வைத்தேன்.

"கண்ண ஒண்ணும் பண்ணாதும்மா. நான் பாத்துட்டேன்."

யார் நான், என்ன பார்த்தேன் என்று அவள் கேட்கவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அங்கேயே ஒரு மாத்திரையைப் பிரித்து, கடைக்காரரிடம் தண்ணீர் கேட்டு வாங்கி, பெண்ணிடம் கொடுத்தாள். பெண் தலையை அண்ணாந்து, கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு முழுங்கினாள்.